ஓடற்ற கடல் நத்தைகளின் இரசாயனப் பாதுகாப்பு

மொலஸ்காக் கணத்தின் சிறப்பியல்புகளை எழுதும்படி கேட்டால் மாணவர்களிற் பெரும்பாலானோர் முதலில் எழுதுவது "கல்சியங் காபனேற்றாலான ஓடு காணப்படும்" என்பதாகும். இவ்விடை பிழையன்று, ஆனால் இதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மென்மையான துண்டுபடாத உடல், தசைச்செறிவுள்ள பாதம், உள்ளுடற் திணிவு, அதனைப் போர்த்திருக்கும் மென்மூடி ஆகியவையே இக்கணத்தை இனங்காண உதவும் இயல்புகளாகும். ஓடு சிலவற்றில் வெளியே உண்டு (சிப்பி, நத்தை). சிலவற்றில் உடலினுள்ளே ஒடுங்கியுள்ளது (கணவாய்). இன்னும் சிலவற்றில் அறவே இல்லை. இக்கட்டுரை ஓட்டினை இழந்த அல்லது பெரும்பாலும் இழந்த கடல் நத்தைகளைப் பற்றியதாகும்.

நத்தைக்கு ஓடு கவசமாகும். ஆபத்து நேரும்போது அது ஓட்டினுள் ஒடுங்கிக் கொள்கிறது. ஓடற்ற கடல் நத்தைக்கோ ஒளிய இடமில்லை. அதற்கு முள்ளில்லை, எலும்பில்லை, விரைந்து நீந்தவும் பெரும்பாலும் இயலாது. முருகைக்கற் பாரொன்றின் மீது பட்டப்பகலில், பளிச்சென்ற நிறத்துடன், மெதுவாக ஊர்ந்து செல்கின்ற ஒரு சதைத்துண்டு என்றே அதனைக் கூறலாம். சுற்றிலும் மீன்கள், நண்டுகள், கடல் அனிமனிகள் உள்ளன. ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவை அதனை உண்பதில்லை. சில மீன்கள் வாயிலிட்டவுடனேயே துப்பிவிடுகின்றன. காரணம் அதன் உடலிலுள்ள இரசாயனப் பொருள்கள் ஆகும்.

இவ்வளவையும் ஒரு வரியில் மனனஞ் செய்துவிடலாம். ஆனால் விளங்கிக்கொள்ள வேண்டிய வினா வேறு: அந்த நஞ்சு நத்தைக்கு எங்கிருந்து கிடைத்தது? அதனைத் தன் உடலில் வைத்திருக்கும் நத்தை ஏன் இறப்பதில்லை?

பெயர் பற்றிய ஓர் எச்சரிக்கை

மன்னார், யாழ்ப்பாணம் போன்ற கரையோரங்களில் பிடிக்கப்படுவதும் வளர்க்கப்படுவதுமான கடலட்டையை மாணவர்கள் சிலர் இங்கு உதாரணமாக எழுதுவதுண்டு. கடலட்டை மொலஸ்கா அன்று. அது எக்கைனோடேமேற்றாக் கணத்தைச் சேர்ந்தது; நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளிக்கும் உறவினம். நாம் இங்கு பேசுவது கஸ்திரோப்போடா வகுப்பினுள், அதாவது தோட்டத்து நத்தையும் சங்கும் அடங்கும் அதே வகுப்பினுள் வரும் விலங்குகளையே ஆகும்.

இவற்றுள் மிகப் பெரிய கூட்டத்தை நியூடிபிராங்குகள் என்பர். வெறுமையான பூக்களை உடையவை என்பது இதன் பொருள். (பூ என்பது இங்கு நீர்வாழ் விலங்குகளின் சுவாச அங்கமாகும்.) பூக்களை மூடி மறைக்க ஓடு இல்லாமையால் அவை முதுகின் மீது வெளித்தெரியும். ஏறத்தாழ 3000 இனங்கள் விபரிக்கப்பட்டுள்ளன. இவற்றைவிடக் கடல் முயல்கள், பக்கப்பூ நத்தைகள், அல்காக்களின் சாற்றை உறிஞ்சி வாழும் நத்தைகள் எனப் பிற கூட்டங்களும் உண்டு.

நியூடிபிராங்கின் முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிக்குச் சுருண்ட சிறிய ஓடு ஒன்று உண்டு. கடலில் மிதந்து திரிந்து, தகுந்த இடத்திற் படிந்து, உருமாற்றம் அடையும்போதே அது அவ்வோட்டினைக் கழற்றிவிடுகிறது. இவற்றின் மூதாதைகள் ஓடுடையனவாக இருந்தன என்பதற்கு இது தெளிவான சான்றாகும். கூர்ப்பு பற்றிய வினாவில் இதனை எழுதலாம்.

நஞ்சின் ஊற்றைத் தேடி

1963 இல் ஹவாய்த் தீவுகளில் ஜொஹானஸ் என்ற ஆய்வாளர் பிலீடியா வரிக்கோசா என்னும் நியூடிபிராங்கு பற்றி ஒரு குறிப்பினை வெளியிட்டார். நீலச்சாம்பல் நிற மேடுகளும், மஞ்சள் நுனியுள்ள புடைப்புகளும், கரிய கோடுகளும் கொண்ட அழகிய விலங்கு அது. தொந்தரவு செய்யப்பட்டபோது அது கடும் மணமுடைய சீதத்தைச் சுரந்தது. ஒரே தொட்டியில் அதனுடன் இருந்த மீன்களும் கிறஸ்டேசியன்களும் இறந்தன. அந்தச் சீதத்திலுள்ள நஞ்சு யாது எனக் கண்டறியப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

1975 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் போல் ஷொயர் என்பவரின் குழுவினர் அதன் கட்டமைப்பைத் துணிந்தனர். ஐசோசயனோ புப்புக்கியனேன் என அதற்குப் பெயரிடப்பட்டது. புப்புக்கியா என்பது ஓகு தீவிலுள்ள ஓர் இடத்தின் பெயர். 15 காபன் அணுக்களைக் கொண்ட வளைய எலும்புக்கூட்டில் நைதரசனும் காபனும் சேர்ந்த ஒரு கூட்டம் இணைந்திருப்பதே இச்சேர்வையாகும். (நீங்கள் அறிந்த சயனைட்டுடன் இதனைக் குழப்பவேண்டாம். இங்கு எலும்புக்கூட்டுடன் இணைந்திருப்பது நைதரசன் அணு.)

ஆனால் முக்கியமான கண்டுபிடிப்பு கட்டமைப்பு அன்று. அந்த நத்தை ஒரு கடற்பஞ்சினை உண்பது அவதானிக்கப்பட்டது. அக்கடற்பஞ்சினைச் சோதித்தபோது அதிலும் அதே சேர்வை இருந்தது. ஆகவே நத்தை நஞ்சைத் தானே ஆக்கவில்லை. தன் உணவிலிருந்து பிரித்தெடுத்துத் தோலிற் சேமித்து வைத்திருந்தது. கடற்பஞ்சு ஓரிடத்தில் நிலையாக ஒட்டி வாழும் விலங்கு. தப்பியோட இயலாத அதற்கு நஞ்சே பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை நத்தை உண்டு தனதாக்கிக் கொள்கிறது.

இந்தக் கோலம் பின்னர் பல இனங்களிற் காணப்பட்டது. குரோமோடோரிஸ் சாதியைச் சேர்ந்த ஐந்து இனங்களை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வொன்று, இவை தம் உணவிலிருந்து பெறும் பல சேர்வைகளுள் லற்றங்குலின் ஏ என்ற ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து மென்மூடியின் விளிம்பிற் சேமிப்பதாகக் காட்டியது. லற்றங்குலின் முதன்முதலில் செங்கடலின் கடற்பஞ்சொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கலங்களின் வடிவத்தைப் பேணும் அக்ரின் என்ற புரதம் இழைகளாக அமைவதை இது தடுக்கிறது. மீன் கடிக்கும்போது முதலில் வாயில் அகப்படுவது உடலின் விளிம்பே. ஆகவே மிகக் கொடிய பொருளை அங்கு வைத்திருப்பது பொருத்தமான இசைவாக்கமாகும்.

எக்ஸாபிராங்கஸ் எனப்படும் பெரிய சிவந்த நியூடிபிராங்கு இன்னொரு படி மேலே செல்கிறது. அது கடற்பஞ்சிலிருந்து பெற்ற நஞ்சுகளைத் தன் முதுகுத் தோலில் மட்டுமன்றி முட்டை நாடாக்களிலும் சேர்க்கிறது. ரோசாப்பூ மலர்ந்தது போன்ற அம்முட்டைத் திரளை எந்தப் பெற்றோரும் காவல் காப்பதில்லை. காவல் நஞ்சிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

ஒரு நல்ல பரிசோதனை

"உணவிலும் நஞ்சுண்டு, நத்தையிலும் நஞ்சுண்டு" என்பது மட்டும் நிரூபணம் ஆகிவிடாது. இரண்டும் தனித்தனியே ஆக்கியிருக்கலாம் அல்லவா? உணவினை மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் கடல் முயலாகும்.

கடல் முயல் (அப்ளீசியா) தலையில் நீண்ட காது போன்ற பரிசக்கொம்புகளை உடையது. அதன் ஓடு மெல்லிய தகடாக உடலினுள்ளே ஒடுங்கிவிட்டது. உரோம எழுத்தாளர் பிளினி 1 ஆம் நூற்றாண்டிலேயே அதனை நச்சு விலங்கெனக் குறிப்பிட்டுள்ளார். தொட்டுத் துன்புறுத்தினால் அது ஊதா நிற மையைக் கக்கும். கணவாயின் மை மெலனின் என்ற கருநிறப் பொருளாலானது. கடல் முயலின் மையோ அது உண்ணும் செவ்வல்காவின் ஒளித்தொகுப்பு நிறப்பொருளிலிருந்து பெறப்பட்டது.

கலிபோர்ணியக் கடல் முயல்களில் ஒரு பகுதியினைச் செவ்வல்காவிலும் இன்னொரு பகுதியினைப் பச்சை அல்காவிலும் வளர்த்தனர். பச்சை அல்காவை உண்டவற்றால் ஊதா மையைச் சுரக்க இயலவில்லை. பின்னர் இவை பெரிய கடல் அனிமனிகளுக்கு இரையாகக் கொடுக்கப்பட்டன. மையுள்ளவற்றை அனிமனி விட்டுவிட்டது. மையற்றவை கூடுதலாக உண்ணப்பட்டன. 1995 இல் வெளியான இவ்வாய்வில் இரு விடயங்கள் ஒருங்கே நிறுவப்பட்டன: மை உணவிலிருந்து வருகிறது, மை உயிரைக் காக்கிறது. இங்கு மாற்றப்பட்ட காரணி (சாராமாறி) உணவின் வகையாகும். விலங்கின் இனம், அதனைத் தாக்கும் இரைகௌவி ஆகியவை மாறாது வைக்கப்பட்டன. பரிசோதனை அமைப்புப் பற்றிய வினாவுக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கடல் முயலிடம் இரண்டாவது சுரப்பியொன்றும் உண்டு. அது ஒப்பலின் என்னும் வெண்ணிறப் பசையைச் சுரக்கிறது. இதில் லைசீன் முதலான அமினோவமிலங்கள் நிறைந்துள்ளன. மையில் எஸ்கேப்பின் என்ற நொதியம் உண்டு. இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை எதுவும் நிகழாது. தாக்கப்படும்போது இரண்டும் ஒருங்கே வெளியேறிக் கலக்கின்றன. அப்பொழுது நடைபெறும் தாக்கம்:

லைசீன் + ஒட்சிசன் + நீர் → கீற்றோ அமிலம் + அமோனியா + ஐதரசன் பேரொட்சைட்டு

ஐதரசன் பேரொட்சைட்டு நீங்கள் ஆய்வுகூடத்தில் மங்கனீசீரொட்சைட்டுடன் சேர்த்து ஒட்சிசன் தயாரிக்கப் பயன்படுத்தும் அதே சேர்வைதான். அது வன்மையான ஒட்சியேற்றும் கருவி. இரைகௌவியின் நுண்ணிய உணர்வுறுப்புகளை உறுத்துகிறது. இங்கு மேலும் ஒரு தந்திரம் உள்ளது. சிங்க இறாலுக்கு அமினோவமிலங்கள் உணவின் மணமாகும். ஒப்பலின் பட்டவுடன் சிங்க இறால் கடல் முயலை விட்டுவிட்டு, அந்தப் பசையையே உணவென்று கருதி உண்ண முயல்கிறது. 2005 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை வெளியிட்டனர். எதிரியை அஞ்சச்செய்தல் ஒருபுறம், ஏமாற்றுதல் மறுபுறம்.

திருடிய ஆயுதம்

எல்லா நத்தைகளும் இரசாயனப் பொருளைக் கரைசலாகவே எடுத்துக்கொள்வதில்லை. சில நியூடிபிராங்குகள் ஆயுதத்தை முழுமையாகவே திருடுகின்றன.

சீலந்தரேற்றாக்களில் (புதிய நூல்களில் நிடாரியா) அழன்மொட்டுக்கள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். தொட்டவுடன் வெடித்து நச்சு நூலைப் பாய்ச்சும் நுண்ணிய பைகளை அவை கொண்டுள்ளன. குளோக்கஸ் என்ற சிறிய நீல நத்தை கடலின் மேற்பரப்பில், இரைப்பையிற் காற்றை அடைத்துக்கொண்டு, தலைகீழாக மிதந்து வாழ்கிறது. அதன் உணவு போர்த்துக்கேயப் போர்க்கப்பல் எனப்படும் பைசேலியா. கடலிற் குளிப்போரைக் கொட்டித் துன்புறுத்தும் அதே விலங்குதான். குளோக்கஸ் அதனை உண்ணும்போது எல்லாப் பைகளும் வெடித்துவிடுவதில்லை. வெடிக்காதவை சமிபாடு அடையாமல் உணவுக்கால்வாயின் கிளைகளூடாக முதுகின் விரல்போன்ற நீட்டங்களின் நுனிக்குச் சென்று அங்குள்ள சிறு பைகளிற் சேமிக்கப்படுகின்றன. பின்னர் நத்தையைத் தொடுவோரை அவை கொட்டுகின்றன.

கடற்கரையில் அழகிய நீலப் பூச்சியொன்று ஒதுங்கிக் கிடக்கின்றது என்று கையில் எடுப்பது ஆபத்தானது. ஒதுங்கிய பின்னரும் அந்த அழன்பைகள் செயற்படக்கூடும்.

பரீட்சையில் இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. "குளோக்கஸ் அழன்மொட்டுக்களை உருவாக்குகிறது" என எழுதினால் அது பிழை. உருவாக்குவது இரை, சேமிப்பது நத்தை.

தாமே ஆக்குவோர்

விதிவிலக்குகளும் உண்டு. டென்ட்ரோடோரிஸ் என்ற மத்தியதரைக் கடல் நியூடிபிராங்கின் தோலில் பொலிகோடியல் என்னும் காரமான சேர்வை தோன்றுகிறது. ஐரோப்பாவில் நீர்நிலை ஓரங்களில் வளரும் உறைப்பான பூண்டு ஒன்றிலும் இதே சேர்வை உண்டு. 1983 இல் இத்தாலிய ஆய்வாளர் சிமினோ குழுவினர் கதிர்த்தொழிற்பாடுள்ள காபனைக் கொண்ட எளிய மூலப்பொருளொன்றை இந்நத்தைக்குள் செலுத்தினர். சில காலத்தின் பின் அதே கதிர்த்தொழிற்பாடு பொலிகோடியலில் வெளிப்பட்டது. எனவே நத்தையே அதனைத் தொகுத்துள்ளது. கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளின் பயன் யாது எனக் கேட்டால் மருத்துவம், விவசாயம் என்பவற்றுடன் இதனையும் எழுதலாம். புதுமையான விடையாக இருக்கும்.

பக்கப்பூ நத்தைகள் சில இன்னும் எளிய வழியைக் கையாளுகின்றன. அவை தோலிலிருந்து அமிலத்தைச் சுரக்கின்றன. பிரித்தானிய விலங்கியலாளர் தொம்சன் 1960 இல் வெளியிட்ட ஆய்வின்படி அச்சுரப்பின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 1 ஆகும். அதில் சல்பேற்று, குளோரைட்டு அயன்கள் உள்ளன. நமது இரைப்பைச் சாற்றின் பெறுமானமும் ஏறத்தாழ இதேயளவினதே. நீலப் பாசிச்சாயத்தாளை அந்நத்தையின் மீது வைத்தால் உடனே சிவப்பாகும். அத்தகைய ஒன்றை வாயிலிட்ட மீன் மறுமுறை அதனைத் தேடிச் செல்லாது.

சங்கிலியின் அடுத்த கண்ணி

நத்தை உணவிலிருந்து நஞ்சைப் பெறுகிறது. அப்படியாயின் உணவு அதனை எங்கிருந்து பெற்றது? சில சந்தர்ப்பங்களில் உண்மையான உற்பத்தியாளர் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவாக இருந்தது.

எலிசியா ரூபெசென்ஸ் என்னும் நத்தை ஹவாய்க் கடலில் பிரையொப்சிஸ் என்ற பச்சை அல்காவின் கலச்சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. 1993 இல் அந்நத்தையிலிருந்து கஹலலைட் எப் என்ற நச்சுச் சேர்வை பிரிக்கப்பட்டது; அல்காவிலும் அதே வகைச் சேர்வை இருந்தது. அல்காவே அதனை ஆக்குகிறது என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2019 இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அல்காவின் கலங்களுக்குள் வாழும் ஒருவகைப் பற்றீரியாவிடமே அந்நஞ்சை ஆக்குவதற்கான பரம்பரையலகுகள் இருந்தன. தனித்து வாழத் தேவையான பல பரம்பரையலகுகளை அது இழந்துவிட்டிருந்தது. நஞ்சாக்கும் பரம்பரையலகுகளை மாத்திரம் இழக்கவில்லை. அல்கா பற்றீரியாவுக்கு இருப்பிடம் அளிக்கிறது. பற்றீரியா அல்காவை மீன்களிடமிருந்து காக்கிறது. இது ஒன்றியவாழ்வு. நத்தையோ இருவரின் உழைப்பையும் உறிஞ்சிக் கொள்கிறது.

டொலபெல்லா என்ற கடல் முயலின் கதையும் இவ்வாறானதே; மனிதருக்கு மிகப் பயன்பட்ட கதையும் இதுதான். அமெரிக்க இரசாயனவியலாளர் பெற்றிற் இந்துசமுத்திரத்தில் மொரிசியசுத் தீவை அண்டிச் சேகரித்த கடல் முயல்களிலிருந்து புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் பொருளைத் தேடினார். ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட விலங்குகளிலிருந்து மில்லிகிராம் கணக்கிலேயே அது கிடைத்தது. டொலஸ்ரற்றின் 10 எனப்பட்ட அதன் கட்டமைப்பு 1987 இல் வெளியானது. கலப்பிரிவின்போது நிறமூர்த்தங்களை இழுத்துச் செல்லும் நுண்குழாய்கள் அமைவதை அது தடுக்கிறது. இவ்வளவு சிறிய அளவில் இருப்பது கண்டு இது விலங்கின் சொந்த உற்பத்தி அன்று என ஐயுற்றனர். 2001 இல் அதே சேர்வை ஒரு சயனோபற்றீரியாவில் நேரடியாகக் கண்டறியப்பட்டது. கடல் முயல் அதனை மேயும்போது உடலிற் சேர்த்துக் கொள்கிறது.

டொலஸ்ரற்றினை அப்படியே மருந்தாக்கியபோது அது நல்ல கலங்களையும் தாக்கியது. எனவே அதனை ஒத்த செயற்கைச் சேர்வையொன்று தொகுக்கப்பட்டு, புற்றுநோய்க் கலத்தை மட்டும் தேடிச் சென்று இணையும் பிறபொருளெதிரியுடன் பிணைக்கப்பட்டது. இம்மருந்துக்கு 2011 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹொட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயில், ஏனைய சிகிச்சைகள் பயனளிக்காத நோயாளருக்கு முதலில் அது வழங்கப்பட்டது.

இலங்கைக்கு நெருக்கமான உதாரணமும் ஒன்றுண்டு. இந்நாட்டிற் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலாட் (1819 - 1860) திருகோணமலைக் கரையில் நியூடிபிராங்குகளைச் சேகரித்து விபரித்தவர். மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தவரும் இவரே. 1859 இல் அவர் பெயரிட்ட இனங்களுள் ஒன்று யொருன்னா பியூனெப்ரிஸ். வெண்ணிற உடலில் கரிய வளையங்கள் கொண்டது. 2000 இல் இத்தாலிய, இந்திய ஆய்வாளர்கள் அதன் சீதத்திலும் மென்மூடியிலுமிருந்து யொருமைசின் என்ற சேர்வையைப் பிரித்தனர். அதுவும் புற்றுநோய்க் கலங்களைத் தாக்கும் இயல்புடையது. அந்நத்தை உண்ணும் கடற்பஞ்சில் இதனை ஒத்த சேர்வைகள் உள்ளன.

நத்தை ஏன் இறப்பதில்லை?

மேலே கூறியவற்றைக் கவனமாக வாசித்தவர்களுக்கு விடையின் ஒரு பகுதி ஏற்கெனவே கிடைத்திருக்கும். கடல் முயல் நொதியத்தையும் அது தாக்கும் பொருளையும் இரு சுரப்பிகளிற் பிரித்து வைக்கிறது. குரோமோடோரிஸ் நஞ்சை உள்ளுறுப்புகளுக்குத் தொலைவில், விளிம்பில் ஒதுக்குகிறது. குளோக்கஸ் அழன்பைகளைத் தனிப் பைகளில் அடைக்கிறது. டென்ட்ரோடோரிஸ் செய்வது இவற்றுள் மிக நுட்பமானது. பொலிகோடியல் அதற்கே நஞ்சு. ஆதலால் தாக்குதிறன் மிக்க அல்டிகைட்டுக் கூட்டங்கள் மறைக்கப்பட்ட வடிவில் அதனைத் தோலில் வைத்திருக்கிறது. காயப்படும்போதே அது பொலிகோடியலாக மாறுகிறது. திரி கொளுத்தாத பட்டாசு பெட்டியில் இருப்பது போன்றது இது.

இங்கு இன்னொரு கேள்வி எழும். ஓடு முதலில் மறைந்ததா, நஞ்சு முதலில் வந்ததா? ஓட்டினை இழந்து, பாதுகாப்பின்றி இருந்து, பின்னர் நஞ்சைத் தேடிக்கொண்டது என்று கூறுவது பொருத்தமன்று; இடைக்காலத்தில் அவ்வினம் அழிந்திருக்கும். உணவிலிருந்து நஞ்சு சேர்ந்தமையால் ஓட்டின் தேவை குறைந்தது, அதன் பின்னரே ஓடு படிப்படியாகச் சிறுத்து மறைந்தது என 1983 இல் போக்னர், கீசெலின் ஆகியோர் விளக்கினர். ஓட்டை ஆக்கச் சத்தி தேவை. சுமக்கவும் சத்தி தேவை. தேவையற்றதைக் கைவிட்டவை மெலிந்த இடுக்குகளிலும் புகுந்து உணவு தேடக்கூடியனவாயின.

நஞ்சு உடலில் இருந்தால் மட்டும் போதாது. இரைகௌவி கடித்துப் பார்த்த பின் துப்பினாலும் நத்தை காயமடைந்துவிடும். ஆகவே "நான் உண்ணத் தகாதவன்" என்று முன்கூட்டியே அறிவிப்பது நன்மை. பல நச்சு நத்தைகளின் பளிச்சென்ற நிறங்கள் இத்தகைய எச்சரிக்கை நிறங்களாகும். இதனைப் பயன்படுத்திப் பிழைக்கும் போலிகளும் உண்டு. முன்னர் வேறு கணத்தைச் சேர்ந்தது என ஒதுக்கிவைத்தோமே, அந்தக் கடலட்டைகளுள் ஓரினத்தின் குஞ்சு, கரிய கோடும் மஞ்சட் புடைப்புமாகப் பிலீடியா நத்தையைப் போலவே தோற்றமளிக்கிறது. நன்கு வளர்ந்த பின்னரே அது கடலட்டையின் உருவத்தைப் பெறுகிறது.

கரையில் ஒரு மரணம்

2009 யூலை முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரை அண்டிய கடற்கரைகளில் நடமாடிய நாய்கள் பல திடீரென நோயுற்றன, சில இறந்தன. வாந்தி, தள்ளாட்டம், தசைகள் செயலிழத்தல் ஆகிய அறிகுறிகள் காணப்பட்டன. ஆராய்ந்தபோது கரையொதுங்கிய சாம்பல் நிறப் பக்கப்பூ நத்தைகளில் ரெற்றொடொரொட்சின் கண்டறியப்பட்டது.

இப்பெயர் உங்களுக்குப் புதிதாயினும் நஞ்சு புதிதன்று. நம் கரையோரத்தவர் நன்கறிந்த பேத்தை மீனின் நஞ்சும் இதுவே. நரம்புக் கலத்தின் மென்சவ்வில் சோடியம் அயன்கள் உட்செல்லும் வாயில்களை இது அடைத்துவிடுகிறது. சோடியம் உட்செல்லாவிடின் கணத்தாக்கம் கடத்தப்படாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பின்னர் தசைகள் செயலிழக்கும். சுவாசத் தசைகள் நின்றுவிட்டால் மரணம் நிகழும். சாதாரண சமையலில் இந்நஞ்சு அழிவதில்லை. முறிமருந்தும் இல்லை, வைத்தியசாலையிற் செயற்கைச் சுவாசம் அளித்து நஞ்சு வெளியேறும்வரை காப்பதே வழி. பேத்தை உண்டபின் வாய் மரத்தால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். இது புள்ளிக்காகச் சொல்லப்படுவதன்று.

நியூசிலாந்து நத்தைகளில் ஒரு விந்தை காணப்பட்டது. வட தீவில் எடுத்தவற்றில் நஞ்சு இருந்தது; தென் தீவின் சில இடங்களில் எடுத்த அதே இனத்தில் நஞ்சு கண்டறியப்படவில்லை. பின்னர் நஞ்சற்ற நத்தைகளுக்கு ரெற்றொடொரொட்சின் கலந்த உணவு கொடுக்கப்பட்டது. அவற்றின் உடலில் நஞ்சு சேர்ந்தது. இம்முடிவுகள் 2014 இல் வெளியாயின.

பயிற்சி வினா

மேலேயுள்ள நியூசிலாந்து ஆய்வினை அடிப்படையாகக் கொண்டு விடை தருக.

(அ) ஒரே இனத்தைச் சேர்ந்த நத்தைகள் ஓரிடத்தில் நஞ்சுடனும் வேறிடத்தில் நஞ்சின்றியும் இருந்தமை எக்கருதுகோளுக்கு இட்டுச்செல்கிறது?

(ஆ) அக்கருதுகோளைச் சோதிக்க நஞ்சற்ற நத்தைகளைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் யாது? நஞ்சுள்ளவற்றை எடுத்திருந்தால் எழக்கூடிய குறைபாடு ஒன்றைத் தருக.

(இ) இப்பரிசோதனைக்குரிய கட்டுப்பாட்டு அமைப்பினை விபரிக்க. அதில் மாறாது பேணவேண்டிய இரு காரணிகளைக் குறிப்பிடுக.

(ஈ) நத்தை உணவிலிருந்து நஞ்சைச் சேர்த்துக்கொள்ளும் என்பதை இப்பரிசோதனை காட்டுகிறது. இயற்கையில் அந்நஞ்சை முதன்முதலில் ஆக்கும் உயிரி எது என்பதையும் இது காட்டுகிறதா? எலிசியாவின் உதாரணத்தைக் கொண்டு விளக்குக.

(இறுதிப் பகுதிக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் எழுதினால் புள்ளி இல்லை.)